வாட்ஸ்அப்பில் கேட்டதும் க்வெரி எழுதிக் கொடுப்பதா, ரிப்போர்ட் போடுவதா?

கேள்வி: வணக்கம் மேடம். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் டெவலப்பராக இருக்கிறேன். சேகோ ஃபேக்டரிகளுக்கான, அதாவது மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகளுக்கான, மென்பொருள் எங்களுடையது. எடைமேடையில் கிழங்கு லோடு ஏறுவதில் தொடங்கி ஜவ்வரிசி மூட்டை வெளியே போவது வரை எல்லாம் அதில்தான் பதிவாகிறது. ஆத்தூர், தலைவாசல், வாழப்பாடி பக்கம் நாற்பது ஆலைகள், எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் உள்ள ஒரே டேட்டாபேஸில். சீசன் வந்துவிட்டால் 'இந்த வாரம் எவ்வளவு கிழங்கு வந்துச்சு, சராசரி பாயிண்ட் என்ன' என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நானும் இன்னொருவரும் பாதி நாள் டேட்டாபேஸிலிருந்து விடை எடுக்கும் க்வெரி எழுதி, எக்செலில் ஒட்டி அனுப்புகிறோம். பிஐ டூல் (டேட்டாவை அட்டவணையாகவும் வரைபடமாகவும் காட்டும் மென்பொருள்) ஒன்றைப் போட்டு எல்லாவற்றையும் டாஷ்போர்டு ஆக்கிவிடலாம் என்கிறார் டீம் லீட். டாஷ்போர்டை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள், க்வெரிதான் வேகம் என்கிறார் சீனியர். முடிவை என் தலையில் கட்டிவிட்டார்கள். கூடவே இன்னும் இரண்டு கேள்விகள்: ஒரு ஆலை முதலாளி டேட்டாபேஸுக்கே ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) பாஸ்வேர்டு கேட்கிறார், கொடுக்கலாமா? ஏற்காட்டில் இரண்டு காப்பி எஸ்டேட்டுகள் வாடிக்கையாளர்களாக வரப்போகின்றன, அவர்களுக்கும் இதே ரிப்போர்ட்டுகளைக் கொடுத்துவிடலாமா?

பதில்: முதலில் ஒன்று. எத்தனை தடவை கேட்கிறார்கள் என்பதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். மூன்று தடவை கேட்டால் ரிப்போர்ட், அதற்குக் குறைவென்றால் க்வெரி என்று நிறைய பேர் சொல்வார்கள். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் உங்கள் தொழிலுக்கு அது பொருந்தாது. நான் பார்க்கச் சொல்வது வேறு: அந்த எண்ணை வைத்து இரண்டு பேருக்குள் கணக்கு தீர்கிறதா? ஆலைக்கும் விவசாயிக்கும், ஆலைக்கும் புரோக்கருக்கும், முதலாளிக்கும் மேனேஜருக்கும் நடுவில் அந்த எண் வந்து நிற்கிறது என்றால், வருடத்துக்கு ஒரே தடவை கேட்டாலும் அது ரிப்போர்ட்தான். அதன் வரையறை எழுதப்பட்டிருக்க வேண்டும், யார் எப்போது எடுத்தாலும் ஒரே விடை வர வேண்டும், ஏன் அந்த விடை என்று காட்டத் தெரிய வேண்டும். மாறாக ஒரு கேள்வியை நீங்கள் உங்களுக்காகவே ஐம்பது தடவை ஓட்டிப் பார்க்கிறீர்கள் என்றால் அது க்வெரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு ஸ்க்ரீன் தேவையில்லை.

நீங்கள் அனுப்பிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 'சராசரி பாயிண்ட்.' கிழங்கின் மாவுச்சத்துதான் பாயிண்ட், விலையே பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. ஒரு லோடு 2 டன், 30 பாயிண்ட். இன்னொரு லோடு 10 டன், 24 பாயிண்ட். அவசரத்தில் பாயிண்ட் நெடுவரிசைக்கு ஏவிஜி (வெறும் சராசரி) போட்டால் 27 வரும். எடையோடு பெருக்கி, கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் 25. க்வெரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லைப் பொறுத்தவரை இரண்டுமே பிழையில்லாத க்வெரிகள், இரண்டும் ஓடும், இரண்டும் எக்செலில் அழகாக உட்காரும். ஆனால் 27 என்று பார்த்த முதலாளி, இத்தனை மாவு உள்ள கிழங்கு வந்தும் மூட்டை ஏன் குறைகிறது என்று அரவை மேஸ்திரியைப் பிடித்துத் திட்டுவார். திங்கட்கிழமை நீங்கள் ஒரு முறையிலும் புதன்கிழமை உங்கள் நண்பர் இன்னொரு முறையிலும் எழுதி அனுப்பியிருந்தால் இரண்டு நாளில் தரம் இரண்டு பாயிண்ட் விழுந்துவிட்டது போலத் தெரியும். கிழங்கில் ஒன்றுமே மாறியிருக்காது.

அடுத்தது 'இந்த வாரம்', அதிலும் 'இன்று' என்ற சொல். உங்கள் சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், பெரும்பாலான கிளவுட் சர்வர்கள் அப்படித்தான். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அதனால் பதிவு நேரத்திலிருந்து தேதியை மட்டும் உருவி எடுத்தால், நள்ளிரவு 12 மணியிலிருந்து விடியற்காலை 5.30 வரை எடைமேடை ஏறிய லோடு எல்லாம் முந்தைய நாள் கணக்கில் போய் விழும். சரி, நேரத்தை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். சில ஆலைகளில் காலை ஷிஃப்ட் தொடங்கும்போதுதான் நாள் தொடங்கும், ராத்திரி மூன்று மணிக்கு வந்த கிழங்கு அவர்களுக்கு நேற்றைய அரவைதான். நீங்கள் தப்பு என்று திருத்திய கணக்கு அங்கே சரியான கணக்காக இருந்திருக்கும். இதை டேபிளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆலையில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். வருடத்துக்கும் இதே கதி. சீசன் மார்ச் 31ஐத் தாண்டிப் போகும், ஆடிட்டர் கேட்கும் வருடம் அன்றோடு முடியும். 'போன வருஷம்' என்று முதலாளி சொல்லும்போது அவர் மனதில் இருப்பது சீசன்.

விற்பனைக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வுக்கு அனுப்பும் சரக்குக்கு அனுப்பிய தேதி ஒன்று, டெண்டரில் விலை படிந்த தேதி ஒன்று, பணம் கைக்கு வந்த தேதி ஒன்று. 'இந்த மாத விற்பனை' என்று கேட்டவருக்கு இந்த மூன்றில் எதைக் கொடுத்தீர்கள் என்று உங்கள் பழைய எக்செல்களைத் திறந்து பாருங்கள். ஒரே மாதிரி இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று, இது டெவலப்பர்களுக்கே உரிய பொறி. ஒரு லோடுக்கு விவசாயி மூன்று தவணையாகப் பணம் வாங்கியிருப்பார். லோடு டேபிளையும் பட்டுவாடா டேபிளையும் நேராக ஜாயின் செய்தால் (இணைத்தால்) ஒவ்வொரு தவணைக்கும் அதே லோடு ஒரு தடவை வரும், அப்படியே எடையைக் கூட்டினால் 10 டன் 30 டன் ஆகிவிடும். பகலில் நிதானமாக எழுதும்போது இதை யாரும் விட மாட்டார்கள், முதலில் தவணைகளைத் தனியே கூட்டிவிட்டுத்தான் சேர்ப்பார்கள். 'அர்ஜென்ட் சார்' என்று மெசேஜ் வந்து, பஸ்ஸில் வரும்போது லேப்டாப்பை மடியில் வைத்து எழுதும் க்வெரியில்தான் இது நுழையும்.

எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்பட வைப்பது நாற்பது ஆலைகளும் ஒரே டேட்டாபேஸில் இருக்கின்றன என்ற அந்த வரிதான். கையால் எழுதும் ஒவ்வொரு க்வெரியிலும் 'இந்த ஆலை மட்டும்' என்ற நிபந்தனையை நீங்கள் ஞாபகமாகப் போட வேண்டும். ஒரு நாள் மறந்தால், தலைவாசல் ஆலை பாயிண்டுக்கு என்ன விலை கொடுக்கிறது என்பது பக்கத்து ஆலை முதலாளியின் ஃபோனுக்குப் போய்விடும். கொள்முதல் விலை இந்தத் தொழிலில் எவ்வளவு ரகசியமானது என்று உங்களுக்கே தெரியும். அதற்கு அப்புறம் எத்தனை டாஷ்போர்டு செய்தாலும் அந்த இரண்டு ஆலைகளும் உங்களிடம் தங்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே, வாடிக்கையாளருக்கு வெளியே போகும் எந்த எண்ணும் கையால் எழுதிய க்வெரியிலிருந்து நேராகப் போகக் கூடாது என்று இந்த வாரமே ஆபீஸில் முடிவு செய்யுங்கள். டூல் விஷயம் மெதுவாக வரட்டும்.

உங்கள் சீனியர் சொல்வதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று சொல்லக்கூடிய பகுதி ஒன்று இருக்கிறது. ஏதோ ஒரு ஆலையில் அரைத்த கிழங்கு அதே அளவு, மூட்டை மட்டும் குறைகிறது. ஏன்? தேமல் நோய் வந்த தோட்டத்துக் கிழங்கா, முதிர்வதற்கு முன்னாலேயே பிடுங்கிக் கொண்டுவந்ததா, பிடுங்கி இரண்டு மூன்று நாள் கிடந்துவிட்டு வந்த லோடா, பாயிண்ட் பார்க்கும் ஆள் மாறினாரா, மெஷினில் மாவு திப்பியோடு போய்க்கொண்டிருக்கிறதா? இப்படிப்பட்ட விசாரணைக்கு எந்த டாஷ்போர்டும் உதவாது. ஒரு க்வெரியின் விடையைப் பார்த்தால்தான் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்றே தெரியும். ஊர் வாரியாகப் பிரிப்பீர்கள், ஒன்றும் தெரியாது. எந்த நேரத்தில் வந்த லோடு என்று பிரிப்பீர்கள், ராத்திரி லோடு மட்டும் வித்தியாசமாகத் தெரியும். ராத்திரி பாயிண்ட் பார்ப்பவர் யார் என்று போவீர்கள். 1974ல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் எஸ்க்யூஎல்லின் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தபோது, புரோகிராமர் அல்லாதவர்கூடத் தன் சந்தேகத்தைத் தானே கேட்டுப் பார்க்க முடிய வேண்டும் என்பதும் அவர்கள் எண்ணத்தில் இருந்தது. இந்தச் சுதந்திரத்தை டாஷ்போர்டுக்குள் அடைக்காதீர்கள். விசாரணை முடிந்ததும், எந்தக் கேள்வி, என்ன அனுமானம், என்ன விடை, எந்தத் தேதி என்று நாலு வரி கமென்ட்டோடு அந்த க்வெரிகளை, கோடு சேமிக்கும் கிட்டில் (Git) போட்டு வையுங்கள், அது போதும். விடை தெரிந்த பிறகு முதலாளி 'இதைத் தினமும் கவனிக்கணும்' என்றால் அப்போது அதிலிருந்து ஒரு எண்ணை மட்டும் ரிப்போர்ட்டுக்குக் கொண்டுபோங்கள்.

சரி, ரிப்போர்ட்டை எப்படிக் கட்டுவது? டூலில் தொடங்காதீர்கள். மெட்டாபேஸ், சூப்பர்செட் என்ற பிஐ டூல்கள் இரண்டும் ஓப்பன் சோர்ஸ், பணம் கட்டாமலே உங்கள் சர்வரில் ஓட்டலாம், அதனால் வாங்குவதா வேண்டாமா என்ற விவாதமே இப்போதைக்குத் தேவையில்லை. ஆனால் டூலை மூல டேபிள்களோடு நேராக இணைத்தால், முன்பு இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதிய சராசரியை இனி பத்துப் பேர் பத்து விதமாக மவுஸில் இழுத்துப் போடுவார்கள். முதலில் டேட்டாபேஸுக்குள்ளேயே சில வியூக்களை (பெயர் வைத்துச் சேமித்த க்வெரி, டேபிள் போலவே படிக்கலாம்) எழுதுங்கள். லோடு ஒன்றுக்கு ஒரு வரி, அதில் அந்த ஆலையின் வழக்கப்படியான நாள், சீசன், நிகர எடை, பாயிண்ட், எடையும் பாயிண்டும் பெருக்கிய நெடுவரிசை தனியாக. தவணைகளை முன்பே கூட்டி ஒரு வியூ. உற்பத்தி, அனுப்பிய மூட்டை, விற்பனை ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. ரத்தான பதிவுகளை அங்கேயே வெளியே தள்ளிவிடுங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன அர்த்தம் என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள், அதை ஆலைக் கணக்குப்பிள்ளையிடம் காட்டி 'ஆமாம், இதைத்தான் நாங்கள் இப்படிச் சொல்கிறோம்' என்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி வேலைதான் எல்லாவற்றிலும் அதிக நேரம் பிடிக்கும். அதைக் குறைக்க வழி கிடையாது, குறைக்கவும் வேண்டாம். அப்புறம் உங்கள் அவசர க்வெரிகளும் இந்த வியூக்களின் மேலேயே ஓடட்டும், வேகமும் போகாது, கணக்கும் மாறாது.

டேட்டா பெரிதாகிவிடும், தனியாக வேர்ஹவுஸ் (ஆய்வுக்கான தனி டேட்டாபேஸ்) வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆலைக்கு நாளைக்கு நூறு லோடு என்று தாராளமாகவே வைத்து, நாற்பது ஆலை, 200 நாள் என்றால் 8 லட்சம் வரிகள். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கனமாக இருக்கும் ஒன்றிரண்டு தொகுப்புகளை மெட்டீரியலைஸ்டு வியூவாக்கி (விடையையே சேமித்து வைக்கும் வியூ) ராத்திரியில் புதுப்பித்தால் போதும். புதுப்பிக்கும்போது கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் அது முடியும் வரை அந்த வியூவைப் படிப்பவர்கள் காத்திருக்க வேண்டும், சேர்க்க வேண்டும் என்றால் அதில் ஒரு யூனிக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு தடவை வராத குறியீடு) இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே யோசியுங்கள். ஒரு லோடின் பாயிண்டை இரண்டு நாள் கழித்துத் திருத்துவது உங்கள் தொழிலில் சாதாரணம். அப்போது திங்கட்கிழமை அனுப்பிய மொத்தம் புதன்கிழமை வேறாகத் தெரியும், மென்பொருளே பொய் சொல்கிறது என்பார்கள். கணக்குத் தீர்க்கப் பயன்படும் ரிப்போர்ட்டை அனுப்பும் அந்த நேரத்தில், அனுப்பிய எண்களையே ஒரு டேபிளில் சேமித்துவிடுங்கள். பிறகு வந்த திருத்தம் எது, யார் செய்தது என்று தனி வரியாக அடுத்த ரிப்போர்ட்டில் வரட்டும். இதை முதல் நாளே செய்யாமல் பிறகு சேர்ப்பது மிகவும் சிரமம்.

'யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்' என்ற சீனியரின் பயமும் நியாயமானதுதான். எடைமேடை பக்கத்தில் நின்றுகொண்டு ஃபோனைப் பார்க்கும் முதலாளி லாகின் செய்து வரைபடம் பார்க்க மாட்டார். வாட்ஸ்அப்பில்தானே கேட்கிறார், அங்கேயே தினமும் காலையில் ஒரு பக்கம் போகட்டும்: வந்த லோடு, டன், எடைவழிச் சராசரி பாயிண்ட், மூட்டை, நிலுவை. நீங்கள் கையால் அனுப்பும் செய்திகளில் பெரும்பகுதி அதோடு நின்றுவிடும். ஒரு சீசன் போன பிறகு எதை யாரும் கேட்கவில்லையோ அதைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

நேரடி டேட்டாபேஸ் மேல் க்வெரி ஓட்டுவது பற்றி. போஸ்ட்கிரெஸ்ஸில் படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை, அதனால் பாதகமில்லை என்று நினைப்பது வழக்கம். ஆனால் நீண்ட நேரம் ஓடும் க்வெரி, அல்லது ட்ரான்ஸாக்ஷனைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போன ஒருவரின் விண்டோ, பழைய வரிகளை வேக்யூம் என்ற துப்புரவு வேலை சுத்தம் செய்ய விடாமல் பிடித்து வைக்கும். கூடவே டிஸ்கையும் மெமரியையும் இழுத்துக்கொள்ளும். லாரிகள் வரிசையில் நிற்கும் நேரத்தில் எடைமேடை ஸ்க்ரீன் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் ஆய்வுக்கென்று ஒரு ரெப்ளிகா (மூல சர்வரைத் தொடர்ந்து நகலெடுக்கும் இன்னொரு சர்வர்) வைத்து க்வெரிகளை அங்கே மாற்றுங்கள். அங்கே நீண்ட க்வெரி திடீரென்று ரத்தானால் பயப்பட வேண்டாம், மூல சர்வரிலிருந்து வரும் மாற்றங்களோடு மோதினால் அது இயல்பாக 30 விநாடிதான் பொறுக்கும், அந்த அளவை நீங்கள் கூட்டிக்கொள்ளலாம். மூல சர்வரில் மனிதர்கள் பயன்படுத்தும் லாகினுக்கு ஸ்டேட்மென்ட் டைம்அவுட் (நேரம் கடந்தால் க்வெரியை நிறுத்தும் வரம்பு) போடுங்கள், இயல்பில் அது அணைந்தே இருக்கும்.

பாஸ்வேர்டு கேட்கும் முதலாளிக்கு: கொடுக்க வேண்டாம். ரீட்-ஒன்லி என்பது எழுதுவதைத்தான் தடுக்கும், மற்ற முப்பத்தொன்பது ஆலைகளின் வரிகளைப் படிப்பதைத் தடுக்காது. வரி அளவில் பாதுகாப்பு வைக்கும் வசதி போஸ்ட்கிரெஸ்ஸில் உண்டு, ஆனால் அது டேபிள்களுக்குத்தான். மெட்டீரியலைஸ்டு வியூவுக்கு அந்தக் காவல் வைக்க முடியாது. சாதாரண வியூவும், தனியாகச் சொல்லாவிட்டால், அதை உருவாக்கியவரின் உரிமையோடுதான் டேபிளைப் படிக்கும், அதை மாற்றும் வசதி 15ஆம் பதிப்பில்தான் வந்தது. இதெல்லாம் சரியாகவே அமைத்தாலும், அவர் எக்செலை உங்கள் டேபிளோடு இணைத்துவிட்ட நாளிலிருந்து ஒரு நெடுவரிசையின் பெயரைக்கூட நீங்கள் மாற்ற முடியாது. அவருடைய ஆலையின் வரிகள் மட்டும் உள்ள எக்செலில் திறக்கக்கூடிய ஒரு சிஎஸ்வி கோப்பை தினமும் ராத்திரி தானாகப் போகும்படி செய்து கொடுங்கள். அவருக்கு வேண்டியது தன் டேட்டா தன் கையில் இருப்பது. அந்த ஆசையில் தப்பில்லை, அதை மதியுங்கள்.

ஏற்காடு எஸ்டேட்டுகளுக்கு இதே ரிப்போர்ட்டுகளை அப்படியே கொடுக்காதீர்கள். அவர்கள் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. வருடமே வேறு, காப்பி வாரியம் அக்டோபரிலிருந்து செப்டம்பர் வரை கணக்கெடுக்கும். 'ஏக்கருக்கு எத்தனை கிலோ' என்று கேட்டால் எந்தக் கிலோ என்று திருப்பிக் கேட்க வேண்டும், பறித்த பழமா, தோல் நீக்கிக் காயவைத்த பார்ச்மென்ட்டா, சுத்தம் செய்த கொட்டையா என்று. ஒரு கிலோ சுத்தக் காப்பிக்கு ஐந்தாறு கிலோ பழம் போகும், அதனால் இதைக் குழப்பினால் விடை ஐந்தாறு மடங்கு தப்பாகும். முதல் சீசன் முழுக்க அவர்களுக்கு க்வெரிதான், கேட்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டே வாருங்கள். ஒன்றே ஒன்றைத் தவிர: பழம் பறிப்பவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி கொடுக்கும் எஸ்டேட் என்றால், அந்தக் கூலிக் கணக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே முறையான ரிப்போர்ட்டாக இருக்கட்டும். யார், எந்த நாள், எந்த பிளாக், எத்தனை கிலோ, யார் எடை பார்த்தது, என்ன விகிதம் என்று அச்சிட்டு, பறித்தவர் கையில் ஒரு பிரதி போகும்படி செய்யுங்கள். அந்தத் தாளைத் தமிழில் அடியுங்கள், எழுத்தைப் பெரிதாக வையுங்கள்.